ரயிலின் முதுகு

அந்த வீட்டின் உள்படிக்கட்டில் நாய் மட்டும்தான் ஏறி இறங்கியது. மனிதர்கள் யாரும் அதில் கால் வைப்பதில்லை. மாடியில் இருந்த மூத்தவள் வெளியே போகவும் வரவும் பின்பக்கத்து இரும்புப் படியையே பிடித்துக்கொண்டிருந்தாள். மழைநாளில் அது வழுக்கும், வெயில்நாளில் கைப்பிடி சுடும், இருந்தாலும் அதுதான். கீழே இருந்த இளையவளுக்கு மாடியில் வேலை எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டாள். அம்மா இறந்த நாளிலிருந்து அக்காவும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை.

காரணம் ஒரே ஒரு வாக்கியம். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டவள் மூத்தவள். கழுவிவிட்டதும் புரட்டிப் போட்டதும், முனகல் கேட்டால் எழுந்து உட்கார்ந்ததும் அவள்தான். அம்மா போன அன்று, சொந்தக்காரர்கள் கூடியிருந்த கூடத்தில், இளையவள் அழுதுகொண்டே சொன்னாள்: “ஒரு நாள் முன்னாடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா அம்மா இருந்திருப்பா.” யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் மூத்தவள் பக்கம் திரும்பின. அவை திரும்பிய விதத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. அன்று சாயங்காலமே துணிமணிகளை வாரிக்கொண்டு மாடிக்குப் போனவள்தான்.

மிஞ்சியது நாய். அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று வாங்கிவந்தவள் இளையவள். ஊட்டி வளர்த்தவள் மூத்தவள். ஆகவே இருவருக்கும் அது தன்னுடையது. டாஷ்ஹண்ட் ஜாதி. கால்கள் தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு பெயருக்கு இருந்தன; உடம்போ முடிகிற வழியாக இல்லை. தலை கதவைத் தாண்டி வந்து நின்ற பிறகும் பின்பாதி வந்துகொண்டே இருக்கும். கட்டிலில் கிடந்தபடி அதைப் பார்த்துவிட்டு அம்மா வைத்த பெயர் ரயில். வளைக்குள் புகுந்து விலங்குகளை இழுத்துவருவதற்கென்றே உருவாக்கிய இனமாம். இங்கே வளை கிடைக்காததால் அது போர்வைகளைத் தோண்டியது. கூப்பிட்டால் காது கேட்காததுபோல் இருக்கும். தட்டு வைக்கிற சத்தம் மட்டும் எந்த அறையிலிருந்தாலும் கேட்கும். அந்தக் காதுகளிலும் மாதம் ஒருமுறை சீழ் கட்டும். பிடித்து மருந்து விடுவதற்குள் வீடு இரண்டாகும். பிடிவாதத்தில் வீட்டுப் பெண்கள் இருவரும் அதற்குப் பிறகுதான்.

விடிந்ததும் ரயில் மாடிக்கு வரும். மரப்படியில் நகங்கள் டக்டக்கென்று படும் சத்தம் கேட்டால் மூத்தவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறப்பாள். அவளுடைய அறைக்கு வேறு யாரும் வந்ததில்லை. பகலில் அவள் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்த்தாள். முகம் தெரியாதவர்களின் வாய்களைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கிற வேலை. அங்கே பேச்சு தேவைப்படாது. வீட்டுக்கு வந்தாலும் தேவைப்படாது. நாளொன்றுக்கு அவள் பேசுகிற பேச்சில் பெரும்பாதி நாயிடம்தான் போயிற்று. “வாடா, கீழ என்ன சேதி,” என்று தொடங்குவாள். ரயில் பதில் சொல்லாமல் தட்டைப் பார்க்கும்.

அன்று காலை நகச்சத்தம் பாதியில் நின்றது.

மூத்தவள் கதவைத் திறந்தாள். படி திரும்பும் இடத்தில் இருந்த சின்ன மேடையில் ரயில் நின்றிருந்தது. முதுகு வில்லாக வளைந்து, தலை தாழ்ந்து, உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னங்கால்கள் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொண்டிருந்தன. இறங்கிப் போய்த் தொட்டாள். இதுவரை அது கத்தாத குரலில் கத்தியது.

அந்தக் கத்தலுக்குக் கீழ்க்கதவும் திறந்தது. இளையவள் கையில் சீப்புடன் ஏறிவந்தாள். நாய்க்கு மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. இவ்வளவு கிட்டத்தில் நின்று நெடுநாள் ஆகியிருந்தது. தங்கையின் காதோரம் நரைத்திருப்பதை மூத்தவள் அப்போதுதான் பார்த்தாள். பார்த்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

“என்ன பண்ண அவனை?” என்றாள் இளையவள்.

“உன் வீட்லேருந்துதானே வந்தான்.”

“நல்லாத்தான் கிளம்பினான்.”

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒருத்தி முன்னங்கால்களுக்கு அடியில் கை கொடுத்தாள், மற்றவள் இடுப்பைப் பிடித்தாள். ஆளுக்கொரு பக்கம் தூக்க, நடுவில் முதுகு தொய்ந்தது. ரயில் திரும்பி மூத்தவளின் மணிக்கட்டைக் கடித்தது. வளர்ந்த பிறகு அது அவளைக் கடித்ததே இல்லை.

சத்தம் கேட்டு இளையவளின் கணவன் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் மாட்டிக்கொண்ட ஆட்களைக் கீழே இறக்கிவிடுகிறவன், சொந்த வீட்டுப் படிக்கட்டில் மாட்டிக்கொண்டவர்களை என்ன செய்வதென்று தெரியாமல் இத்தனை நாள் ஓட்டியவன். அவன் ஒன்றும் பேசாமல் இஸ்திரி போடுகிற பலகையைக் கொண்டுவந்து நாயின் பக்கத்தில் வைத்து, உடம்பை வளையவிடாமல் ஒருசேர அதன்மேல் நகர்த்தினான். பலகையோடு காருக்குத் தூக்கிப் போனார்கள். பின்சீட்டில் பலகைக்கு இந்தப்பக்கம் அக்கா, அந்தப்பக்கம் தங்கை. வழி முழுக்க ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கால்நடை டாக்டர் குட்டையாக முடி வெட்டிய பெண்மணி. நாய்களிடம் மெதுவாகவும் மனிதர்களிடம் வெடுக்கென்றும் பேசுகிறவர். ரயிலின் பின்னங்கால் விரலை இடுக்கியால் கிள்ளினார். அது முனகித் திரும்பிப் பார்த்தது. “உணர்ச்சி இருக்கு. தப்பிச்சீங்க,” என்றார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கிற வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இந்த ஜாதிக்கு இது பிறப்போடு வருகிற சனியன், நீள முதுகைக் கொடுத்த கடவுள் அதைத் தாங்க எதுவும் கொடுக்கவில்லை என்றார். அதற்குமேல் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவர் எடைக்கருவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“எத்தனை வேளை சாப்பாடு போடறீங்க?”

“ரெண்டு வேளை,” என்றாள் மூத்தவள்.

“ரெண்டு வேளை,” என்றாள் இளையவள், அதே மூச்சில்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரே ரெண்டு வேளையா, தனித்தனி ரெண்டு வேளையா?”

மெக்கானிக் கூரையில் இருந்த மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தான்.

“நாலு வேளை,” என்று டாக்டரே சொல்லிக்கொண்டார். இந்த உடம்புக்கு இருக்கவேண்டிய எடையைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கிறது, அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் முதுகு என்ன இரும்பிலா செய்திருக்கிறது என்று கேட்டார். பிறகு இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு விவரமாகச் சொன்னார். கூண்டில் அடைத்துவைக்க வேண்டும், ஒரு மாதத்துக்குக் குறையாமல். மலஜலத்துக்கு மட்டும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு. காலில் உணர்ச்சி போய்விட்டால் அன்றைக்கே அறுவை சிகிச்சை. “இன்னொண்ணு. இது பொழைச்சு எழுந்தாலும் சரி, இனி சாகற வரைக்கும் மாடிப்படி ஏறக்கூடாது. யார் வீட்ல இருக்கும்னு இப்பவே முடிவு பண்ணிக்கங்க.”

மூத்தவளுக்கு அதற்குப் பின் சொன்னது காதில் ஏறவில்லை. படி ஏறக்கூடாது என்றால் மாடிக்கு வராது. மாடிக்கு வராது என்றால் அவளுக்கு நாய் இல்லை. கணக்கு அவ்வளவுதான். பக்கத்தில் தங்கை மூச்சை இழுத்துவிட்டது கேட்டது. அது நிம்மதி மூச்சு என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருவரும் வரிசையில் நின்றார்கள். இளையவள் ஓர் அட்டை மாத்திரை வாங்கினாள். அவள் நகர்ந்ததும் மூத்தவளும் ஓர் அட்டை கேட்டாள். உள்ளே இருந்த பெண் தலையை நீட்டி, “ரெண்டு நாயாம்மா?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. தன் நாய்க்கான மருந்தை அடுத்தவள் கையில் விட்டுவைக்க இருவருமே தயாராக இல்லை.

கூண்டை எங்கே வைப்பது என்பதில் அன்று முழுக்க வீடு ரணகளமாயிற்று. நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. மெக்கானிக்தான் இரும்புப் படியில் ஏறியும் இறங்கியும் இரண்டு பக்கத்துச் சொற்களையும் சுமந்தான். மேலே தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டால் திரும்ப இறங்காமலே இருந்துவிடும், தன் அறையே போதும் என்றாள் மூத்தவள். பகலெல்லாம் லேபில் கிடக்கிறவளுக்கு நாய் எதற்கு, பொம்மை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லிப் பிழைக்கிற இளையவள். இந்தப் பதிலை மெக்கானிக் கொஞ்சம் தேய்த்து மழுப்பித்தான் மேலே கொண்டுபோனான். ஆனாலும் தங்கையின் குரலைச் சின்ன வயதிலிருந்து கேட்டவளுக்கு அசல் புரிந்துவிட்டது.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். கூண்டைப் படி திரும்பும் மேடையிலேயே வைத்துவிடலாம். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் வரலாம். காலைச் சாப்பாடு மேலேயிருந்து, ராத்திரிச் சாப்பாடு கீழேயிருந்து. இருவரும் ஒத்துக்கொண்டார்கள். சண்டை நின்ற சந்தோஷத்தில் அவன் மாத்திரையைப் பற்றிப் பேச மறந்துபோனான். அவர்களும் கேட்கவில்லை. சாப்பிட்ட பிறகு என்றுதானே டாக்டர் சொன்னார். காலைச் சாப்பாடு தன்னுடையது, ஆகவே மாத்திரையும் தன்னுடையது என்று மூத்தவள் எடுத்துக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டை வைத்து இளையவளும் அதே முடிவுக்கு வந்தாள்.

முதல் சில நாள்கள் ரயில் தேறிவந்தது. நடுக்கம் நின்றது. பின்னங்கால்களை ஊன்றப் பார்த்தது. மூத்தவள் காலையில் மேடைக்கு இறங்கி, கூண்டின் முன் உட்கார்ந்து, வேகவைத்த கோழித்துண்டை அளந்து வைப்பாள். கீழ்க்கதவு சாத்தியிருக்கும். அதன் பின்னால் தங்கை போனில் யாரிடமோ தேன்போல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஊர்பேர் தெரியாதவனிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்கிற வாய், என்று மூத்தவள் நினைத்துக்கொள்வாள்.

பிறகு ஒரு காலையில் ரயில் தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. ராத்திரி மூக்குமுட்டப் போட்டிருக்கிறாள், அதுதான் பசியில்லை. அளவாகப் போடு என்று டாக்டர் சொன்னதை மீறி, பாசத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறாள். கோழியைத் திரும்ப எடுத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் நாக்கின் அடியாழத்தில் வைத்து வாயை மூடிப் பிடித்தாள். மறுநாளும் அப்படியே. “அவ சோறு ருசிக்குது, நான் கசக்கறேனாடா?” என்று கேட்டாள். ரயில் தரையில் தாடையைப் பதித்துக்கொண்டு கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தது. அவள் அந்தப் பார்வையைக் கட்சி மாறியவனின் பார்வையாக எடுத்துக்கொண்டாள். லேபில் அன்று ஒரு கடைவாய்ப்பல்லைக் கோணலாகப் பதித்து, பிடுங்கி, மறுபடியும் கோணலாகவே பதித்தாள்.

அதற்கடுத்த நாள் கூண்டுத்துணியில் வாந்தி இருந்தது. காப்பிப்பொடியைக் கரைத்து ஊற்றியதுபோல் பழுப்பாக இருந்தது. கண்டதைக் கொடுத்திருக்கிறாள் என்று துணியை மாற்றினாள். அழுக்குத்துணியைக் கீழ்க்கதவின் முன்னால் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வேண்டாம், வாயைக் கொடுத்ததுபோல் ஆகும் என்று மேலே எடுத்துப் போய் அலசிவிட்டாள்.

அன்று மாலை லேபிலிருந்து திரும்பியதும் நேராக மேடைக்கு இறங்கினாள். ரயில் ஒருக்களித்துக் கிடந்தது. வால் அசையவில்லை. தலையை மடியில் எடுத்து, காலையில் வைத்த மாத்திரை பல்லிடுக்கில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க உதட்டைத் தூக்கினாள்.

ஈறு வெளுத்திருந்தது.

ஈறின் நிறம் அவளுக்குத் தெரியும். அதைக் கலப்பதுதான் அவள் பிழைப்பு. வெளிர் ரோஜாவிலிருந்து கறுஞ்சிவப்பு வரை எத்தனையோ நிறங்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இது எதிலும் சேரவில்லை. இறுகுவதற்கு முன் இருக்கிற பிளாஸ்டரின் நிறம். விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடத்துக்கும் அழுத்தாத இடத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அவள் எழுந்து கீழே இறங்கினாள். எந்தக் கதவைத் தட்டுவதில்லை என்று வைத்திருந்தாளோ அதை உள்ளங்கையால் அறைந்தாள். இளையவள் காதில் போன் மாட்டியபடி வந்து திறந்தாள்.

“என்ன போட்ட அவனுக்கு?”

“என்னத்த போட்டேன். ரெண்டு மூணு நாளா என் தட்டைத் தொடவே இல்ல. நீ காலையில திணிச்சுத் தொலைக்கறியே, அப்புறம் எப்படி ராத்திரி சாப்பிடுவான்?”

“நான் திணிக்கறேனா? என் தட்டையும் தொடல.”

இளையவள் காதிலிருந்து போனைக் கழற்றினாள். அதற்குள்ளிருந்து யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப எதுவுமே சாப்பிடலயா?” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “வெறும் வயித்துலயா மாத்திரை குடுத்தேன்?”

“மாத்திரையா?” என்றாள் மூத்தவள். “மாத்திரை நான்ல குடுக்கறேன், காலையில.”

போன் தானாக அணைந்தது. இருவரும் ஒரே நேரத்தில் படியில் ஓடினார்கள். இந்தமுறை ஒருத்தி மார்புக்கும் இடுப்புக்கும் சேர்த்து இரண்டு கைகளையும் கொடுக்க, மற்றவள் முந்திப் போய்க் கதவுகளைத் திறந்துவிட்டாள்.

மெக்கானிக் வேலையில் இருந்தான். கார் ஓட்டியவள் இளையவள். அவள் ஓட்டுகிற லட்சணத்தை மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒரு சிக்னலில் மட்டும் தாங்காமல், “போ, போ, எவன் வரான்,” என்றாள். “ஓட்டத் தெரிஞ்சவ சொல்லு,” என்று வந்தது பதில்.

டாக்டர் நாயைத் தொட்டதுமே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊசி, ட்ரிப், ரத்தப் பரிசோதனை. வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். கையுறையைக் கழற்றாமலே பேசினார். இரட்டிப்பு மருந்து வயிற்றைப் புண்ணாக்கி உள்ளுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். முதுகு தேறிக்கொண்டுதான் இருக்கிறதாம். அந்தப் பேச்சைக் கேட்க அவர்களுக்குத் தெம்பில்லை.

“இந்த ஜாதி நாய் செத்தாலும் தட்டைத் தேடும். இது சாப்பாட்டை வேணாம்னு சொல்லிச்சுன்னா அன்னிக்கே தூக்கிட்டு வரணும். அதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் வளர்த்தீங்க? ராத்திரி தாண்டினா சொல்றேன். இப்ப எதையும் சொல்ல மாட்டேன்.” போகிற போக்கில் திரும்பி, “நேத்து வந்திருந்தா இவ்வளவு இல்ல,” என்றார்.

கதவு மூடிக்கொண்டது. சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்று விட்டு ஒன்றில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே ஒருவர் மடியில் பூனைக்கூடையுடன் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூத்தவள் தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் மெழுகு இருந்தது. நேற்று வந்திருந்தால். எத்தனை இரவுகள் இப்படி ஒரு தருணத்தைக் கற்பனை செய்திருப்பாள். தங்கை குற்றவாளியாக உட்கார்ந்திருக்க, தான் அந்த வாக்கியத்தை எடுத்து, எந்தச் சொல்லும் மாறாமல், அவள் முகத்தில் எறிவதாக. இப்போது அது கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. எறிந்தால் தனக்கும் தெறிக்கும் என்று தெரிந்தது. தெரிந்தே எறிந்தாள்.

“ஒரு நாள் முன்னாடி தூக்கிட்டு வந்திருந்தா இருந்திருப்பான்.”

இளையவள் திரும்பவில்லை. எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த நாய் எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சண்டைக்கு வார்த்தை தேடுகிறாள் என்று மூத்தவள் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

“ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள்,” என்றாள் இளையவள். “முந்தாநேத்தே தார் மாதிரி கறுப்பா வெளிக்குப் போனான். நான்தான் கழுவித் தள்ளினேன். உன் கண்ல பட்டா, பாரு, கெடுத்துட்டாம்பியேன்னு.”

மூத்தவள் எறிந்தது எங்கும் போய் முட்டவில்லை. பதிலுக்குத் தன்னிடம் ஏதோ எதிர்பார்க்கப்படுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. கொடுக்க மனம் வரவில்லை. எதிரே பூனை கூடைக்குள் புரண்டு படுத்தது.

“காலையில வாந்தி எடுத்திருந்தான்,” என்றாள் கடைசியில். “அலசிட்டேன்.”

“நீயுமா.”

“ஆமா.”

“நல்ல குடும்பம்,” என்றாள் இளையவள்.

அவ்வளவுதான் பேச்சு. யாரும் யாருடைய தோளையும் தொடவில்லை. உள்ளிருந்து ஆள் வந்து, இங்கே காத்திருந்து பயனில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லும்வரை நடுவில் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது.

ரயில் இரவைத் தாண்டியது. அதற்கடுத்த இரவையும் தாண்டியது. அழைத்துப்போக வரச் சொன்ன அன்று டாக்டர் இருவரையும் மேஜைக்கு முன்னால் நிற்கவைத்தார், உட்காரச் சொல்லவில்லை. இனி சோறும் மருந்தும் ஒரே கையிலிருந்துதான் போக வேண்டும் என்றார். மற்றவள் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும், பார்க்க மட்டும்தான். “உங்க சண்டையில எனக்கு அக்கறை இல்ல. அதை நாய் வயித்துல வெச்சுப் போடாதீங்க. யாரு பாத்துக்கப் போறீங்க?”

மெக்கானிக் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தான். இளையவள் வாயைத் திறப்பதற்குள் மூத்தவள் சொன்னாள், டாக்டரின் முகத்தை மட்டும் பார்த்து: “கீழயே இருக்கட்டும். இவங்க பகல்ல வீட்ல இருக்காங்க.”

தங்கை சடாரென்று திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. விட்டுக்கொடுத்ததாக அவள் நினைத்துக்கொள்வாளே என்று மூத்தவளுக்கு உடனே பற்றிக்கொண்டு வந்தது. “படி ஏற முடியாதவனை மேல வெச்சுக்கிட்டு நான் என்ன கோயிலா கட்டப்போறேன்,” என்று சேர்த்துக்கொண்டாள்.

மேடையிலிருந்த கூண்டு கீழே கூடத்துக்குப் போயிற்று. மூத்தவள் இரும்புப் படியில் ஏறித் தன் அறைக்குப் போனாள். மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் எழுந்து கதவைத் திறந்தாள். திறந்த பிறகுதான் உறைத்தது. மரப்படி வெறுமனே கிடந்தது. கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனாள். லேபில் யாரோ ஏதோ கேட்டார்கள். தலையை மட்டும் ஆட்டினாள். காலையிலிருந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மாலையில் வந்ததும் முகம் கழுவினாள். துணியை மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு உள்கதவைத் திறந்து, மேடையைத் தாண்டி, கடைசிப் படிவரை இறங்கி, அங்கேயே உட்கார்ந்தாள்.

கூடத்தில் நாற்காலியில் இருந்த இளையவள் நிமிர்ந்து பார்த்தாள். கூண்டு இருவருக்கும் நடுவில் இருந்தது. ரயில் உள்ளே எழுந்து நிற்க முயன்றது. பின்பாதி ஆடியது, ஆனால் நின்றது.

“வரதுன்னா உள்ள வரணும். படியில உக்காந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

“உன் வீட்டுக்கு வரல. நாயைப் பாக்க வந்தேன்.”

“நாய் என் வீட்லதான் இருக்கு.”

“அதான் படியில உக்காந்திருக்கேன்.”

சமையலறையில் மெக்கானிக் சிரிப்பை இருமலாக்கினான். இளையவள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், இருமல் நின்றது.

“மாத்திரை?” என்றாள் மூத்தவள்.

“குடுத்தாச்சு. வயித்துக்கு ஒண்ணு, அவ்வளவுதான்.”

“சாப்பிட்டானா?”

“பாதி.”

மூத்தவள் எழுந்து தரையில் கால் வைத்து நடந்தாள். கூண்டின் முன் மண்டியிட்டு, கம்பி வழியாகக் கையை விட்டு ரயிலின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். வெளிறிய ரோஜா. இன்னும் போதாது, ஆனால் பிளாஸ்டர் நிறம் போய்விட்டிருந்தது. தங்கை மேலேயிருந்து தன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்தாள்.

“நான் சொன்னா நம்ப மாட்ட.”

“மாட்டேன்.”

“சரி. நானும் உன்ன நம்பல,” என்றாள் இளையவள். “இன்னொரு கைய ஏன் மூடி வெச்சிருக்க?”

மூத்தவள் அசையவில்லை. இளையவள் நாற்காலியிலிருந்து குனிந்து உள்ளங்கையை நீட்டினாள். சற்றுப் பொறுத்து மூத்தவள் விரல்களைப் பிரித்தாள். ஒரு பிஸ்கட் இருந்தது, வியர்வையில் ஓரம் கரைந்திருந்தது. அதை நீட்டிய கையில் போட்டாள். ரயில் முழுத்தலையும் திருப்பி, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போன பிஸ்கட்டைப் பார்த்தது. மூக்கு நனைந்து விடைத்தது. தொண்டையில் ஒரு சின்ன உறுமல் கிளம்பியது.

இளையவள் பிஸ்கட்டைத் தன் வாயில் போட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே மென்று முடித்தாள்.

மூத்தவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு படிக்குத் திரும்பினாள். “நாளைக்கும் வருவேன்,” என்றாள் முதுகைக் காட்டியபடி.

“வா. வெறுங்கையோட வா.”